மதராஸின் பழைய கலங்கரை விளக்கம்: மலையிலிருந்து கேட்கப்பட்ட கேள்விகள்

குன்னூரில் நெடுங்காலம் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆண்டுக்கு ஒரு முறையாவது இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளைச் சென்னைக்கு அழைத்துப்போய், உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் 1844ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கத்தைக் காட்டுகிறேன். புறப்படும் முன் பெற்றோரும், ரயிலில் பிள்ளைகளும், திரும்பி வந்தபின் மற்ற ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. இனி அழைத்துப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று அவற்றையும் பதில்களையும் எழுதி வைக்கிறேன்.

எந்தக் கலங்கரை விளக்கம்? மெரினாவில் சிவப்பு வெள்ளைப் பட்டையோடு நிற்பதா?

அது இல்லை. மெரினாவில் நிற்பது 1977 ஜனவரியில் ஏற்றப்பட்டது, வரிசையில் நான்காவது. முதலாவது 1796இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மாடியில் வைக்கப்பட்ட எண்ணெய் விளக்கு. இரண்டாவதுதான் நம்முடையது. கோட்டைக்கு வடக்கே, வெளிச்சம் காட்டுவதற்கென்றே தனியாக எழுப்பிய கல் தூண். 1838இல் வேலை தொடங்கி 1843இல் முடிந்தது. 1844ஆம் ஆண்டின் முதல் நாள் இரவில் அதில் விளக்கேற்றினார்கள். மூன்றாவது, 1894இல் உயர் நீதிமன்றத்தின் மிக உயரமான கோபுரத்தின் மேல் வைத்த விளக்கு.

அதாவது இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே வளாகத்தில், அண்ணாந்து பார்த்தால் இரண்டும் தெரியும் தொலைவில் நிற்கின்றன. பிள்ளைகளுக்கு இது முதலில் புரியாது. "சார், பக்கத்தில் பக்கத்தில் எதற்கு இரண்டு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வரும்வரை நான் வாய் திறப்பதில்லை.

மலையில் பிறந்து வளரும் பிள்ளைகளுக்குக் கலங்கரை விளக்கம் எதற்கு? கடல் பார்க்க வேண்டுமென்றால் கோழிக்கோடு கிட்டத்தில் இருக்கிறதே?

பெற்றோர் அதிகம் கேட்பது இதைத்தான். கடல் பார்ப்பதற்காக நான் அழைத்துப்போவதில்லை. கல்லைப் பார்க்க அழைத்துப்போகிறேன்.

குன்னூரில் சாலை வெட்டும் இடத்தில், இல்லையென்றால் மண்சரிந்த இடத்தில், புதிதாக உடைந்த பாறைத் துண்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் வெயிலும் மழையும் பட்டுப் பழுப்பேறி இருக்கும். உடைந்த முகமோ கருநீலமும் பச்சையும் கலந்து, எண்ணெய் தடவியதுபோல மங்கலாக மின்னும். நம் வீட்டு அம்மியும் ஆட்டுக்கல்லும் பெரும்பாலும் இந்தக் கல்தான். நாம் கருங்கல் என்கிறோம். நிலவியலார் சார்னோகைட் என்கிறார்கள். நீலகிரி மலைத்தொகுதியின் பெரும்பகுதி இந்தப் பாறை. பழனி மலையும் சேர்வராயன் மலையும் இதே இனம்.

பெயரின் கதை சென்னையில் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கல்கத்தாவில் குடியேற்றத்தை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னோக் 1690களில் இறந்தார். அவர் கல்லறைக்கு வைத்த கல் சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்திலிருந்து போனது. இருநூறு ஆண்டு கழித்து, 1893இல், தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலார் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறையும் அதுவும் ஒன்றே என்று கண்டு, சார்னோக் நினைவாக இந்தப் பெயரை வைத்தார்.

நம் கலங்கரை விளக்கத்துக்குக் கல் வந்ததும் பல்லாவரத்துக் குன்றுகளிலிருந்துதான். ஆகவே ஊட்டி ரயிலில் இறங்கி, இரவு முழுவதும் சமவெளியைக் கடந்து, கடலோரம் போய்ச் சேரும் பிள்ளை கை வைத்துத் தொடுவது தன் வீட்டுப் பின்பக்கப் பாறையின் உறவுக்காரக் கல்லை. பாடப்புத்தகத்தில் எத்தனை முறை படித்தாலும் இந்தத் தொடுகைக்கு ஈடாகாது. ஒரு முறை எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சட்டைப்பையில் கொண்டு வந்திருந்த கல்துண்டை எடுத்து அடிப்பீடத்தோடு ஒட்டிப் பிடித்தான். பிறகு எச்சில் தொட்டு இரண்டையும் ஈரப்படுத்தினான். ஈரம் பட்டதும் இரண்டு இடமும் ஒரே கருநீலமாக மாறின. நான் சொல்லிக்கொடுத்ததில்லை, அவன் தாத்தா கல் உடைக்கும் வேலை பார்த்தவராம்.

மதராஸுக்கு அவ்வளவு பெரிய விளக்கு ஏன் தேவைப்பட்டது? துறைமுகம் இருந்ததே?

இருக்கவில்லை. இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்று சென்னைத் துறைமுகத்தைப் பார்க்கிறவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும். மதராஸ் கரை அம்பு போல நேரானது. வளைகுடா இல்லை, ஆழமான ஆற்றுமுகம் இல்லை, காற்றுக்கு ஒதுங்க ஒரு தீவும் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளித் திறந்த கடலில் நங்கூரம் பாய்ச்சும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் கரை சேர வேண்டும். அந்தப் படகில் ஓர் ஆணிகூடக் கிடையாது; பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் உடையாமல் வளைந்துகொடுக்கும். மோதிக்கொண்டு வரும் அலைவரிசைகளைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவரும் கை நம் மீனவர்களுக்கு மட்டுமே இருந்தது. கப்பலில் வந்த எந்த அதிகாரியும் அவர்களை நம்பித்தான் மண்ணை மிதித்தார்.

இரும்புப் பாலம் ஒன்று கடலுக்குள் நீட்டப்பட்டதே 1861இல்தான். அலைதாங்கிச் சுவர்கள் அதற்குப் பிறகு வந்தன. அவற்றையும் 1881 நவம்பரில் வந்த புயல் உடைத்துப் போட்டது. ஆகவே 1844இல் கப்பல்காரனுக்கு மதராஸ் என்பது இரவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தட்டையான கரை, அவ்வளவே. வடக்கே பழவேற்காட்டுப் பக்கம் கடலுக்கடியில் மணல் திட்டுகள். அவற்றில் ஏறிவிட்டால் கப்பல் போயிற்று. 'இதோ ஊர், இதற்கு மேல் நெருங்காதே, வடக்கே ஒதுங்காதே' என்று இருட்டில் சொல்ல ஒரு வெளிச்சம் வேண்டியிருந்தது. கோட்டை மாடியில் இருந்த பழைய விளக்கு அதற்குப் போதவில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை இன்னும் மோசம். குன்னூரிலும் கோத்தகிரியிலும் நமக்கு மண்சரிவுக் கவலையைக் கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவமழை, நம்மிடம் வருவதற்கு முன் அந்தக் கரையைத்தான் அடித்துவிட்டு வருகிறது.

கட்டியவர் யார்?

வடிவமைத்துக் கட்டும் பொறுப்பை ஏற்றவர் மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் ஜான் தாமஸ் ஸ்மித். இவரைப் பற்றி எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. பிரான்சு நாட்டின் லூயி விக்கா சுண்ணாம்புக் காரைகளைப் பற்றி எழுதிய நூலை ஸ்மித் 1837இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். எந்தச் சுண்ணாம்பு நீருக்குள்ளும் இறுகும், எது இறுகாது, ஏன் என்பதையெல்லாம் ஆராய்ந்து சொன்ன நூல் அது. அடுத்த ஆண்டே கடலோரத்தில் இந்தத் தூணுக்கு வேலை தொடங்கியது. உப்புக்காற்றில் நிற்க வேண்டிய ஒரு கட்டடத்தை, காரையின் குணத்தை அவ்வளவு நுணுக்கமாகப் படித்த ஒருவர் கையில் கொடுத்தது நல்ல தேர்வு. தூண் நூற்றெண்பது ஆண்டுகளாக நிற்கிறது.

ஆனால் பெயர் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பல்லாவரத்தில் பாறையைப் பிளந்தவர்கள், வண்டியில் ஏற்றி வந்தவர்கள், ஒவ்வொரு கல்லையும் வளைவுக்குத் தக்கபடி உளியால் செதுக்கிப் பொருத்திய கல்தச்சர்கள் ஆகியோர் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அடிப்பீடத்தின் அருகே நிற்கும்போது பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் நான் நகர்வதில்லை. இரண்டு கற்கள் சேரும் இடத்தில் விரலை ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். அந்த இணைப்புதான் அவர்கள் கையெழுத்து.

கலங்கரை விளக்கம் ஏன் கிரேக்கக் கோயில் தூண் மாதிரி இருக்கிறது?

அந்தக் காலத்து ஐரோப்பிய ரசனை அது. கிரேக்கக் கட்டடக்கலையில் டோரிக், அயோனிக், கொரிந்தியன் என்று மூன்று தூண் வகைகளைப் பிரித்துச் சொல்வார்கள். டோரிக் மூன்றிலும் எளிமையானது, தடித்தது. உச்சியில் சுருளோ இலைவேலைப்பாடோ கிடையாது. தலையில் ஒரு சதுரப் பலகைக்கல், அதோடு சரி. மதராஸில் 1800களின் முதற்பாதியில் அரசுக் கட்டடங்கள் பல இப்படிக் கிரேக்கப் பாணியைப் பின்பற்றி எழுந்தன.

ஆனால் ரசனை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. கலங்கரை விளக்கத்துக்கு வேண்டியது என்ன? அடி அகன்று, மேலே போகப்போகச் சிறுத்து, காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் வழுக்கிப் போகும் உருண்டை உடம்பு. உச்சியில் விளக்குக்கூடு உட்கார ஒரு மேடை. டோரிக் தூணின் உருவம் இதற்குத் தானாகவே ஒத்துப்போகிறது. கோயிலில் கூரையைத் தாங்குவதற்குப் பிறந்த வடிவம் இங்கே கூரைக்குப் பதிலாக ஒரு விளக்கைத் தாங்கியது. உள்ளே சுழல் படிக்கட்டு. உயரம் ஏறத்தாழ 125 அடி, அதாவது 38 மீட்டர்.

நம் ஊர்க் கற்பூர மரங்களில், அதாவது யூகலிப்டஸ் மரங்களில், உயர்ந்தவை இதைத் தாண்டும். அந்த மரம் நீலகிரிக்கு வந்ததும் இந்தத் தூண் கட்டி முடித்த அதே 1843இல்தான். கொண்டு வந்தவர் அதே மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் காட்டன். கடலோரத்தில் ஒருவர் கல்லை உயர்த்திக்கொண்டிருந்த ஆண்டில், மலையில் இன்னொருவர் மரத்தை ஊன்றினார். சோலைகளுக்கும் நீருக்கும் அந்த மரம் பின்னாளில் என்ன செய்தது என்பது தனிக்கதை, வலிக்கிற கதை.

உச்சியில் என்ன விளக்கு எரிந்தது? அப்போது மின்சாரம் இல்லையே?

எண்ணெயில் எரியும் அர்கண்ட் விளக்குகள். ஒன்றல்ல, பல. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு பிரதிபலிப்பான்.

இதை விளக்க நான் பழைய மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றை வைத்திருக்கிறேன், கண்ணாடிச் சிம்னியோடு. மழைக்காலத்தில் குன்னூரில் மின்சாரம் போகும் நாளில் வகுப்பில் அதை ஏற்றுவேன். முதலில் சிம்னி இல்லாமல். சுடர் மஞ்சளாக, ஆடிக்கொண்டு, நுனியில் கரியைக் கக்கும். கூரையில் நிழல்கள் குதிக்கும். பிறகு சிம்னியை மெதுவாகப் பொருத்துவேன். ஒரு நொடியில் சுடர் நிமிரும், ஆட்டம் நிற்கும், கரி மறையும், மஞ்சள் வெளுக்கும். கடைசி வரிசையில் இருப்பவன் புத்தகத்தை எழுத்துக்கூட்டலாம். மாறியது எண்ணெய் இல்லை, திரி இல்லை. காற்று போகும் வழி மட்டும்தான். சூடான காற்று குழாய்க்குள் மேலே ஓட, கீழிருந்து புதுக்காற்று இழுக்கப்படுகிறது.

சுவிட்சர்லாந்துக்காரரான ஏமே அர்கண்ட் 1780களில் கண்டது இதுதான், இதற்கு மேலும் ஒரு படி. திரியைத் தட்டையாக வைக்காமல் உருளையாகச் சுருட்டினார். அப்போது சுடருக்கு வெளியிலிருந்தும் காற்று, உள்ளிருந்தும் காற்று. ஒரே விளக்கு பல மெழுகுவத்திகளின் வெளிச்சம் தந்தது. அந்தச் சுடரைப் பரவளைவு வடிவக் கிண்ணத்தின் குவியத்தில் வைத்தால், நாலாபக்கமும் சிதறும் ஒளி ஒரே திசையில் கற்றையாகப் போகும். நம் மலைப்பாதையில் இரவில் ஏறும் பஸ்ஸின் முகப்பு விளக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. கலங்கரை விளக்கங்களில் அந்தக் கிண்ணங்களைச் செம்பில் அடித்து வெள்ளி பூசுவது அக்கால வழக்கம்.

பிரான்சில் பிரெனெல் என்பவர் 1820களிலேயே அடுக்கடுக்கான கண்ணாடி வளையங்களால் ஆன வில்லையை உருவாக்கிவிட்டார். உலகம் முழுவதும் மெல்ல அதற்கு மாறியது. நம் தூண் பிரதிபலிப்பான் காலத்தின் கடைசித் தலைமுறையைச் சேர்ந்தது எனலாம்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. எண்ணெய் விளக்கு தானாக எரியாது. ஒவ்வொரு மாலையும் ஒருவர் அந்தச் சுழல் படியில் எண்ணெயைச் சுமந்து ஏற வேண்டும். திரியைக் கத்தரிக்க வேண்டும், கரி துடைக்க வேண்டும், கிண்ணங்களைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும், விடியும்வரை கண் விழித்திருக்க வேண்டும். ஐம்பது ஆண்டுகள், ஓர் இரவு விடாமல்.

அந்த வெளிச்சம் எவ்வளவு தூரம் தெரிந்திருக்கும்?

இதைக் கணக்காகவே போடலாம். பத்தாம் வகுப்புக் கணிதம் போதும். பூமி உருண்டை என்பதால், எவ்வளவு பிரகாசமான விளக்காக இருந்தாலும் ஓர் எல்லைக்கு அப்பால் அது தொடுவானத்துக்குக் கீழே இறங்கிவிடும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால், தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும்.

தூண் 38 மீட்டர். வர்க்கமூலம் 6.16. பெருக்கினால் 22 கிலோமீட்டர். கப்பல்காரன் கடல்மட்டத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. பாய்மரத்தில் 10 மீட்டர் உயரத்தில் ஏறிப் பார்த்தால் அவன் பங்குக்கு இன்னும் 11 கிலோமீட்டர். ஆக 33. தூண் நிற்கும் தரையின் உயரத்தைச் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும்.

இதே கணக்கைத் தொட்டபெட்டாவுக்குப் போட்டுப் பாருங்கள். 2637 மீட்டர். விடை 183 கிலோமீட்டர், நடுவில் வேறு மலை மறைக்காதவரை. இந்த எண் கரும்பலகையில் விழுந்ததும் அடுத்த கேள்வி உறுதியாக வரும்.

அப்படியென்றால் மலை உச்சியில் விளக்கு வைத்தால் என்ன? இன்னும் தூரம் தெரியுமே?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மலைப் பிள்ளைகளைவிடத் தகுதியானவர்கள் கிடையாது. ஆடி மாதத்தில் ஊட்டியில் எதிர்வீட்டு விளக்கு தெரிகிறதா? நாம் மூடுபனி என்பது பாதி நாள் நம்மேல் வந்து உட்கார்ந்திருக்கும் மேகம்தான். எவ்வளவு உயரத்தில் விளக்கை வைக்கிறோமோ அவ்வளவுக்கு அது மேகத்துக்குள் போய்விடும் ஆபத்து உண்டு.

இந்தத் தவற்றை உண்மையாகவே செய்து பார்த்த இடம் ஒன்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேப் முனையில் 1860இல் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 240 மீட்டர் உயரத்தில் விளக்கு வைத்தார்கள். வானம் தெளிந்த இரவில் வெகுதூரம் தெரிந்தது. மேகம் இறங்கிய இரவில் அடியில் வரும் கப்பலுக்கு அப்படி ஒரு விளக்கு இருப்பதே தெரியவில்லை. 1911இல் லூசிடானியா என்ற போர்த்துகீசியக் கப்பல் அங்குள்ள பாறையில் மோதி மூழ்கியது. அதன்பின் 87 மீட்டர் உயரத்தில் புதிய விளக்கத்தைக் கட்டி 1919இல் ஏற்றினார்கள். பனியில் பர்லியார் வளைவுகளில் ஓட்டும் நம் ஓட்டுநர்கள் முகப்பு விளக்கை ஏன் தாழ்த்திக்கொள்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

நன்றாக இருந்த விளக்கை ஏன் அணைத்தார்கள்?

பக்கத்தில் அதைவிட உயரமாக ஒன்று எழுந்துவிட்டது. மதராஸ் உயர் நீதிமன்றக் கட்டடம் 1888இல் தொடங்கி 1892இல் திறக்கப்பட்டது. பிராசிங்டன் வரைந்த திட்டத்தை வளர்த்து முடித்தவர் ஹென்றி இர்வின். மலைப்பிரதேசத்துக்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கலாம். சிம்லாவில் வைஸ்ராய் மாளிகையைக் கட்டியவர் இவரே. செங்கல், குவிமாடம், வளைவுகள் என்று இந்தோ சாரசெனிக் பாணியில் எழுந்த நீதிமன்றத்தின் மையக் கோபுரம் சுமார் 175 அடி. அருகில் இருந்த 125 அடித் தூணைவிட ஐம்பது அடி அதிகம். 1894இல் விளக்கை அந்தக் கோபுரத்துக்கு மாற்றினார்கள்.

ஓர் உண்மையை இங்கே பிள்ளைகளுக்குக் காட்டலாம். தூண் கட்டும்போது அந்த இடம் வெறும் மைதானம். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே கறுப்பர் நகரம் என்று ஆங்கிலேயர் பெயரிட்டிருந்த நம் மக்களின் குடியிருப்பும் சென்னகேசவர் கோயிலும் இருந்தன. பிரெஞ்சுக்காரர் 1746இல் கோட்டையைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்த பிறகு, பீரங்கிக்குத் தடையில்லாத வெளி வேண்டும் என்று ஆங்கிலேயர் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளினார்கள். வீடுகள் போன இடத்தில் வெட்டவெளி, வெட்டவெளியில் தூண், தூணுக்குப் பக்கத்தில் நீதிமன்றம். ஒரே மண்ணின்மேல் மூன்று காலம் அடுக்கப்பட்டிருக்கிறது. இதற்காகவே அங்கே அரை மணி நேரமாவது உட்கார வேண்டும் என்று அடம்பிடிப்பேன்.

எம்டன் கப்பல் குண்டு வீசியது இந்த விளக்கத்தின் மீதா?

இதன் மீது இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மதராஸைத் தாக்கியபோது நம் தூண் அணைந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. நீதிமன்றக் கோபுர விளக்குதான் பயன்பாட்டில் இருந்தது. துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. குண்டு ஒன்று நீதிமன்ற வளாகத்திலும் விழுந்தது. அந்த இடத்தில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். 'அவன் சரியான எம்டன்' என்று நம் பாட்டிமார் சொல்வது அந்த இரவின் மிச்சம்.

'கலங்கரை விளக்கம்' என்ற சொல் எங்கிருந்து வந்தது? கரையில் இருப்பதாலா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கலம், கரை, விளக்கம் என்று பிரித்துவிடுகிறார்கள். ஆனால் இங்கே 'கரை' கடற்கரை இல்லை. கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல். கலத்தைக் கூவி அழைக்கும் விளக்கம், கலங்கரை விளக்கம். சங்கப் பாட்டான பெரும்பாணாற்றுப்படை, ஏணி சாத்திய உயர்ந்த மாடத்தில் இரவில் ஏற்றிய சுடரைச் சொல்லி, 'ஓடுகலம் கரையும் துறை' என்கிறது. ஓடும் கப்பலை அழைக்கும் துறை.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது கல்லூரியில். உணர்ந்தது கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில். பயணத்துக்கு அனுமதிக் கையெழுத்து வாங்க ஒரு மாணவியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா வேலைக்குப் போயிருந்தார். பாட்டி மட்டும் இருந்தார், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பம். எங்கே அழைத்துப்போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த தேநீர்க் குவளையைத் தரையில் வைத்துவிட்டு, "நான் கப்பலிலிருந்து பார்த்திருக்கிறேன், மாஸ்டர்" என்றார். அவர்கள் வழக்கத்தில் ஆசிரியர் எப்போதும் மாஸ்டர்தான்.

தலைமன்னாரில் கப்பல் ஏறி, நேரமாகி இருட்டிவிட்டதாம். மடியில் குழந்தை, அதுதான் இந்த மாணவியின் அப்பா. பிறந்த ஊர் பின்னால் போய்விட்டது, வரப்போகும் ஊரில் யாரையும் தெரியாது. அப்போது ராமேசுவரம் பக்கம் ஒரு வெளிச்சம் வருவதும் மறைவதுமாக இருந்தது. "யாரோ நின்றுகொண்டு வா, வா என்று கூப்பிடுவது போல இருந்தது மாஸ்டர். வேறு யாரும் கூப்பிடவில்லை எங்களை."

அந்தப் படிவத்தில் அவர்தான் கைநாட்டு வைத்தார். அந்தப் பயணத்தில் அவர் பேத்தி தூணின் அடியில் எல்லோருக்கும் பின்னால் நெடுநேரம் நின்றாள். நான் அவளை அவசரப்படுத்தவில்லை.

மாமல்லபுரத்தில் இருப்பது இதைவிடப் பழையதா?

அங்கே குன்றின் மேலிருக்கும் ஒலக்கண்ணேசுவரர் கோயில் பல்லவர் காலத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதன் தலையில் விளக்கு வைத்துப் பயன்படுத்தினார்கள். பக்கத்தில் நிற்கும் கருங்கல் கலங்கரை விளக்கம் அதற்குப் பிறகு கட்டியது. விளக்கத்துக்கென்றே எழுப்பிய கட்டடங்களைக் கணக்கில் எடுத்தால் மதராஸ் தூண் அதற்கு மூத்தது.

நம் மலையில் அதே காலத்தைச் சேர்ந்த கட்டடம் எது? ஒப்பிட்டுப் பார்க்கலாமா?

ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயம். அடிக்கல் 1829, திறப்பு 1831. அதையும் வடிவமைத்தவர் ஒரு படைவீரர், கேப்டன் அண்டர்வுட். உத்தரத்து மரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து பிரித்து மலை ஏற்றப்பட்டவை. பயணத்துக்கு முந்தின வாரம் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் மேலே பார்க்கச் சொல்லுங்கள். கட்டுவதற்கு வேண்டிய பொருளை எங்கிருந்து கொண்டு வந்தார்கள் என்ற கேள்வி மனத்தில் விழுந்துவிட்டால், மதராஸில் பாதி வேலை மிச்சம்.

தூணின் உச்சிக்கு ஏற முடியுமா?

முடியாது. உயரத்திலிருந்து கடலைப் பார்க்க வேண்டும் என்றால் மெரினா கலங்கரை விளக்கத்துக்குப் போகலாம். 2013 முதல் பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள். முக்கோண வடிவக் கட்டடம், லிஃப்ட் இருக்கிறது.

எப்படிப் போவது? என்ன எடுத்துக்கொண்டு போவது?

மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோவில் அடுத்த நிலையமே உயர் நீதிமன்றம். பிள்ளைகள் கூட்டமாக இருந்தால் நடந்தே போகலாம்.

நீதிமன்றம் இயங்கும் வளாகம் அது. பாதுகாப்புச் சோதனை உண்டு. நினைத்தவுடன் உள்ளே போக முடியாது. பள்ளியின் கடிதத்தோடு முன்கூட்டியே அனுமதி கேட்டு வாங்குங்கள். ஒரு முறை நான் அதைத் தாமதமாகச் செய்ததால், நாற்பது பிள்ளைகள் வெயிலில் வெளியே நின்று சாலையிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்ப நேர்ந்தது. அந்த முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. வேலை நாள் நெரிசலில் வழக்குக்காக வந்து நிற்கிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் நடந்துகொள்ளவும் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.

மலைக் குளிருக்குப் பழகியவர்கள் சென்னை வெயிலில் பதினொரு மணிக்கே துவண்டுவிடுவார்கள். காலையிலேயே தூணைப் பார்த்துவிடுங்கள். தண்ணீர், தொப்பி, ஒரு நூல்கண்டு, நிழலின் நீளத்தை அளந்து உயரம் கணக்கிட ஒரு மீட்டர் கோல். ஆளுக்கு ஒரு கல்துண்டு, உள்ளங்கை அளவுக்கு, இங்கேயே சாலையோரத்தில் பொறுக்கியது. ஒரு முகமாவது புதிதாக உடைந்ததாக இருக்கட்டும்.